பதினைந்து நொடி

கம்பெனி தன் செயலியைக் கைவிட்டது.
புதிய போன்களில் திறக்காது, இனிப் புதுப்பிக்க மாட்டோம்,
வருந்துகிறோம் என்று ஒரு வரி.
காஸ்த்ரோ கடைத்தெருவில் எலியாசர்
பாதி விலைக்கும் கீழே தந்தான்:
"பறக்கும். ஆனால் யார் பேச்சையும் கேட்காது."
வாங்கிக்கொண்டேன்.
சால்மன் பண்ணையில் ஒன்பது வருடம்
சம்பளக் கணக்குக்கு நிரல் எழுதியவள்.
கேளாத காதுகளோடு பேசிப் பழக்கம் எனக்கு.

நொல்பெர்த்தோவின் விரிசல் விட்ட பழைய போனில்
அந்தச் செயலி இன்னும் சாகாமல் கிடந்தது.
சமையலறை மேசையில் இரண்டையும் எதிரெதிரே வைத்து
அவை பேசுவதை நாலு ராத்திரி ஒட்டுக்கேட்டேன்.
வெளியே மழை.
கெம்ச்சியில் வெளியே என்றாலே மழைதான்.
பெரிய ரகசியம் இருக்குமென்று எதிர்பார்த்தேன்.
இவ்வளவுதான்:

எழு.
இருபது சென்டிமீட்டர் மேலே.
திரும்பு.
பேட்டரி எவ்வளவு?
அறுபத்திரண்டு.
சரி.
சரி.

இன்னொன்றும் தெரிந்தது.
பதினைந்து நொடி யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால்
அது தானாக இறங்கிவிடும்,
கீழே என்ன என்று பாராமல்.

எங்களுக்குக் கீழே இருப்பது கடல்.

அதனால் முதலில் எழுதியது பறக்கும் வரிகளை அல்ல.
ஐந்து நொடிக்கொரு தரம்
சும்மாவாவது எதையாவது கேட்கும் வரியை.
என்ன கேட்பது என்று யோசித்தேன்.
பேட்டரி எவ்வளவு என்றால் போதும்,
பதில் முக்கியமில்லை.
நொல்பெர்த்தோவும் அப்படித்தான்.
சிப்பிக் கயிறுகளுக்கு நடுவே படகை நிறுத்தி
அரை மணிக்கொரு முறை வயர்லெஸ்ஸில்
"அடுப்பு எரிகிறதா?" என்பான்.
எரியுமென்று அவனுக்குத் தெரியும்.
ஏப்ரல் முதல் அது அணைந்ததே இல்லை.

முதல் நாள் படகிலிருந்து ஏற்றினேன். ஏறியது.
வலது என்றால் கூட்டல், இடது என்றால் கழித்தல்
என்று நான் வைத்திருந்தேன்.
அது வேறுமாதிரி வைத்திருந்தது.
வா என்று அழைத்தேன்,
சொல் தட்டாமல் எதிர்த்திசையில் போனது.
பதறி இன்னும் பலமாக அழைத்தேன்,
இன்னும் வேகமாகப் போனது.
பிறகு என் குரல் எட்டாத தூரம்.
நொல்பெர்த்தோ இன்ஜினை முறுக்க,
நான் வாய்விட்டு எண்ணினேன்.
பதினான்கு.
பதினைந்து.
மிக மெதுவாக, மிக ஒழுங்காக,
தண்ணீரைத் தரையென்று நம்பி இறங்கியது.

ஒரு குறி. ஒரே ஒரு குறி.
அன்றிரவு அவன் எதுவும் சொல்லவில்லை,
உருளைக்கிழங்கை மட்டும்
வழக்கத்தைவிடச் சத்தமாக உரித்தான்.

"இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டேன்.
"மூன்று இருக்கிறது," என்றான் எலியாசர்,
"உன்னைத் தவிர யார் வாங்குவார்கள்?"

எங்கள் வரிசைகளில் கறுப்பு மிதவைகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று முங்கினால் அடியில் சிப்பி கனத்துவிட்டதென்று பொருள்.
கவனிக்காமல் விட்டால் பக்கத்து மிதவையையும் இழுத்துக்கொண்டு போகும்.
படகில் சுற்றி எண்ணுவது ஒரு காலைப்பொழுது.
இப்போது வடக்கன் காற்று எழும் முன்
ஏழு நிமிடத்தில் முடிகிறது.
படத்தில் கறுப்பாய் உருண்டையாய் எது தெரிந்தாலும்
நிரல் அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் போடும்.
திங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
செவ்வாயும் அதே.
புதன் ஒன்று குறைந்தது,
போய்ப் பார்த்தான், மூன்றாம் வரிசையின் வால்நுனியில்
உண்மையிலேயே முங்கியிருந்தது.
அன்று என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்,
பாதி கேலியாக. பாதிதான்.

வியாழன் இருநூற்றுப் பதிமூன்று.

கழித்தல் குறி மறுபடி எங்கோ என்னை ஏய்க்கிறதென்று
நிரலை வரி வரியாகத் தடவினேன்.
மதியம்தான் படத்தைப் பெரிதாக்கத் தோன்றியது.
மேல் மூலையில், ஒழுங்கான மஞ்சள் வட்டத்துக்குள்,
கறுப்பாய், உருண்டையாய், ஈரமாய்,
மீசையோடு
ஒரு கடல்சிங்கம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருத்த இரண்டே வரி போதும்.
நாளைக்கு எழுதலாம்.

வயர்லெஸ் கரகரத்தது.
"அடுப்பு எரிகிறதா?"
"எரிகிறது," என்றேன். "இருநூற்றுப் பதிமூன்று."
கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.
"அந்த ஒன்றுக்கு யார் காசு கொடுத்தது?"